40 வாரம் உயிரோடு இருந்தால்தான் அரசி: லாங் லிவ் தி குவீன் விமர்சனம்

லாங் லிவ் தி குவீன் என்ற கணினி விளையாட்டில் என் முதல் இளவரசி ஒரு பயணத்தில் செத்துப்போனாள். வழியில் மறித்தார்கள், எங்கிருந்தோ ஓர் அம்பு வந்தது, சட்டென்று விலகும் வேகம் அவளுக்கு இல்லை. சரி, காயத்துக்காவது கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அந்த வைத்தியமும் தெரியாது. அதுவரை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நளினமாக நடப்பதும், சபையில் பேசுவதும், யாழ் மாதிரி ஏதோ ஒன்றை வாசிப்பதும்தான். இளவரசி என்றால் இதெல்லாம்தான் வேண்டும் என்று நினைத்துவிட்டேன். திரையில் பொம்மை போல ஒரு குட்டிப் படம் வந்தது, அதில் அவள் விழுந்து கிடந்தாள். ஆட்டம் முடிந்தது.

அன்றைக்கே மறுபடி தொடங்கினேன். அப்புறம் எத்தனை முறை தொடங்கினேன் என்று கணக்கு வைக்கவில்லை. அரியணையைப் பிடிப்பது பற்றி நான் விளையாடிய கேம்களில் மனதில் தங்கியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கதையின் சில இடங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் விளையாட ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அப்படி விளையாடுவதும் நல்ல முடிவுதான்.

இந்த கேமை 2012இல் ஹனாகோ கேம்ஸ் என்ற சிறிய குழு வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஸ்டீம் என்ற இணைய கேம் கடைக்கு வந்தது. இடம் நோவா என்ற கற்பனை ராஜ்ஜியம். அரசி இறந்துவிட்டார். அவருடைய ஒரே மகள் எலோடி, வயது 14, விடுதிப் பள்ளியிலிருந்து அரண்மனைக்குத் திரும்புகிறாள். 15 வயதானதும் முடிசூட்டு விழா, அதற்கு இன்னும் 40 வாரம் இருக்கிறது. அரசுரிமை அம்மா வழியில் வருவது. அப்பா ஜோஸ்லின் நாட்டின் ஒரு பகுதிக்கு டியூக், இறந்த அரசியின் கணவர், ஆனால் மகுடம் அவருக்குச் சேராது. ஆக, அந்தப் பெண்ணுக்கும் அரியணைக்கும் நடுவில் இருப்பது 40 வாரம் மட்டுமே, அந்த வாரங்களுக்குள் அவளைத் தீர்த்துக்கட்ட நினைப்பவர்கள் உள்ளேயும் இருக்கிறார்கள், வெளியேயும் இருக்கிறார்கள். விழா நாள்வரை உயிரோடு இருந்தால் வெற்றி. நமக்கு வைத்திருக்கும் இலக்கு அவ்வளவுதான்.

முதல் பார்வைக்கு எல்லாம் இளஞ்சிவப்பு. பெரிய கண்கள், அழகழகான உடைகள், மென்மையான இசை. சின்னப் பிள்ளைகளுக்கு அலங்காரம் செய்து பார்க்கும் விளையாட்டு என்று யாரும் நினைப்பார்கள். அந்தத் தோற்றத்தை நம்பி உள்ளே போனவர்களைத்தான் அம்பு முதலில் தைக்கிறது.

ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, எந்தப் பாடம் என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் அந்த வாரத்தில் நடக்கும் சம்பவம் வரும். ஒரு கடிதமாக இருக்கலாம், ஒரு விருந்தாளியாக இருக்கலாம், எல்லையில் கலவரமாகவும் இருக்கலாம். பிறகு வார இறுதி. தோட்டத்தில் உலாவலாம், அரசவையில் உட்காரலாம், அப்பாவோடு பேசலாம், சிறைக்கூடத்தைப் போய்ப் பார்க்கலாம், அரண்மனையை விட்டு யாருக்கும் தெரியாமல் வெளியே நழுவலாம். பழைய பொம்மைகளை எடுத்து வைத்து விளையாடவும் செய்யலாம். அவளுக்கு 14 வயதுதான், அதை இந்த கேம் மறப்பதே இல்லை.

பாடங்கள் மொத்தம் 42. நடை, உடல்மொழி, மேடைப்பேச்சு, முகத்துதி, நடனம், வாள், வில், குதிரை, நாய், பருந்து, வரலாறு, வெளியுறவு, சங்கேத எழுத்து, மூலிகை, நஞ்சு, கணக்கு, வணிகம், போர்த்தந்திரம், கடற்போர், தியானம், குறி பார்ப்பது என்று நீண்டுகொண்டே போகும். 40 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் மொத்தம் 80. 42 பாடத்துக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டு வகுப்புகூடத் தேறாது, அந்த இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு ஒரு பாடத்திலும் எதையும் சாதிக்க முடியாது. எனவே எதைக் கற்பது என்று முடிவு செய்யும் ஒவ்வொரு முறையும் எதைக் கற்காமல் விடுவது என்றும் முடிவு செய்கிறோம், விட்டது எந்த வாரத்தில் எந்த உருவத்தில் வந்து நிற்கும் என்பது தெரியாது. நான் பயந்தது இந்த இடத்தில்தான். கஜானாவில் பொன் குறைந்தால் வரி போடலாம். வாரம் போனால் போனதுதான்.

ஒவ்வொரு சம்பவத்தின்போதும் எலோடிக்குத் தெரிந்தவற்றை கேம் சோதித்துப் பார்க்கும். திரையில் சின்னதாக ஓர் அறிவிப்பு வரும்: இந்தப் பாடத்தில் தேறினாள், இந்தப் பாடத்தில் தவறினாள். ஒரு விருந்தில் இரண்டு பிரபுக்கள் பேசிக்கொண்டு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விவகாரம் படித்தவளுக்கு அந்தப் பேச்சின் அர்த்தம் புரியும், யார் யாருக்குப் பகை, யார் கண் எந்த நிலத்தின் மேல் என்று ஒரு வரி கூடுதலாக வரும். படிக்காதவளுக்கு இருவர் பேசினார்கள், அவ்வளவுதான். தவறினாள் என்ற அறிவிப்பு மட்டும் வந்து போகும்போது, நமக்குத் தெரியாமல் ஏதோ நம் காதருகே கடந்து போய்விட்டது என்று மட்டும் தெரியும். என்னவென்று தெரியாது. அதிகாரத்தைப் பற்றி இந்த கேம் சொல்ல வந்தது எல்லாம் அந்தச் சின்ன அறிவிப்புக்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். படையும் கோட்டையும் இருந்தும் அரசர்கள் விழுந்ததைக் கதைகளில் நிறையப் படித்திருக்கிறோம். தன் சபையில் நின்று பேசுகிறவனின் பேச்சு விளங்காமல் போவது எப்படி ஒரு தலையைக் காவு வாங்கும் என்பதை விளையாடித்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்தது மனநிலை. இதைப் பற்றி எழுதத்தான் இந்த விமர்சனத்தையே ஆரம்பித்தேன். எலோடியின் மனசு நான்கு தராசுகளாகத் திரையில் தெரியும். பயம் ஒரு பக்கம், கோபம் மறுபக்கம். சோகமும் மகிழ்ச்சியும். பணிவும் பிடிவாதமும். தனிமையும் நெருக்கடியும். அந்த நேரத்தில் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துச் சில பாடங்கள் சீக்கிரம் ஏறும், சில பாடங்கள் மண்டையில் ஏறவே ஏறாது. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணிடமிருந்து கதை தொடங்குகிறது, எனவே முதல் வாரங்களில் அந்தத் துக்கத்தோடுதான் பாடம் நடத்த வேண்டும். வார இறுதியில் எங்கே போகிறாள் என்பதை வைத்து மனநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம். ஆரம்பத்தில் நான் இதை ஒரு கணக்காகவே பார்த்தேன், எந்தப் பாடம் வேண்டுமோ அதற்கேற்ற மனநிலை, அந்த மனநிலைக்கேற்ற இடம் என்று.

ஒரு வார இறுதியில், எனக்கு வேண்டிய பாடத்துக்கு அவள் இன்னும் கொஞ்சம் சோகமாக இருந்தால் நல்லது என்று கணக்குப் போட்டு அவளைக் கல்லறைக்கு அனுப்பினேன். அனுப்பின பிறகு கை அப்படியே நின்றுவிட்டது. அம்மாவின் கல்லறைக்கு ஒரு பிள்ளையை மதிப்பெண்ணுக்காக அனுப்பியிருக்கிறேன். அந்தக் கணத்தில் நான் அவளுக்கு அப்பாவாகவோ ஆசிரியராகவோ இல்லை, அவளைச் சுற்றியிருக்கும் பிரபுக்களில் இன்னொருவனாக இருந்தேன். அடுத்த வாரம் பொம்மை விளையாட விட்டேன். அந்த ஆட்டத்தில் அவள் ஜெயிக்கவில்லை, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. ஓர் எண்ணிக்கையை இப்படி மனசில் தைக்க வைப்பது லேசான வேலை இல்லை, இதை யோசித்து உருவாக்கியவர்களுக்கு ஒரு வணக்கம்.

இது இரக்கமற்ற ராஜ்ஜியம், ஆனால் அந்த இரக்கமின்மை மற்றவர்களிடம் மட்டும் இல்லை. தண்டனை கொடுக்கும் அதிகாரம் எலோடியின் கையிலும் இருக்கிறது, மரண தண்டனை உட்பட. நிஜமாகவே தப்பு செய்தவன் முன்னால் நிற்கும்போது கொன்றுவிடுவதுதான் எளிது என்று தோன்றும். பல நேரம் அதில் உடனடி லாபமும் உண்டு. ஆனால் உள்ளே கொடுமை என்று ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது. பிரபுக்களுக்கு அவள் மேல் உள்ள அபிப்பிராயம் தனி, குடிமக்களுக்கு உள்ள அபிப்பிராயம் தனி. ஒரு தரப்பு கைதட்டும் தீர்ப்பில் இன்னொரு தரப்பு பல்லைக் கடிக்கும். எந்த அநியாயத்துக்கும் உடனே தண்டனை வந்துவிடாது, எந்த நல்ல காரியத்துக்கும் உடனே பலனும் வராது. பத்து வாரம் கழித்து எங்கிருந்தோ திரும்பி வரும்.

ஜூலியானா என்ற பெண்மணியின் வருகையும் அப்படித்தான். இந்த உலகில் லூமன் என்றொரு மந்திர சக்தி உண்டு. அந்த வித்தையைக் கற்றுத்தருகிறேன் என்று அவர் வந்து நிற்கிறார். அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஏற்பதா மறுப்பதா என்பது நம் கையில். அப்பா நல்லவர், மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர், ஆனால் பயம் கண்ணை மறைத்திருக்கிறது. ஜூலியானா திறமைசாலி, ஆனால் முழுதாக நம்பலாமா என்று தெரியாது. அரசியின் சாவுக்கும் இந்த மந்திரத்துக்கும் இருக்கும் தொடர்பு மெல்ல மெல்லத் தெரிய வரும்போது அப்பாவின் கோபத்துக்கு வேறொரு அர்த்தம் கிடைக்கிறது. பெற்றவரின் பேச்சைக் கேட்டு நாட்டை ஆபத்தில் விடுவதா, பேச்சை மீறி வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோக விடுவதா என்று நான் அந்தத் திரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நடந்திருக்கிறேன்.

சாக்லேட் பெட்டி வரும் இடத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. அழகான பெட்டி ஒன்று வருகிறது. அதற்குள் இருப்பது நஞ்சு. நஞ்சைப் பற்றிப் படித்திருந்தால் எலோடி கண்டுகொள்வாள். படிக்காதவள் வாயில் போட்டுக்கொள்வாள். எத்தனை வாரம் வாளும் வில்லும் பழகி, பேச்சில் தேறி, கணக்கில் தேறி, படைகளை நகர்த்தத் தெரிந்து, கடைசியில் ஓர் இனிப்பு. முதல் முறை அது நடந்தபோது நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தையைக் கொல்ல நினைப்பவன் குழந்தைக்குப் பிடித்ததைத்தான் கொடுத்தனுப்புவான் என்பதை யோசித்தே பார்க்காத என் மேல்தான் கோபம் வந்தது.

இனி குறை. இதில் முதல் ஆட்டத்தில் யாரும் புத்திசாலித்தனத்தால் ஜெயித்துவிட முடியாது. எந்த வாரத்தில் எந்தப் பாடம் கேட்கப்படும் என்பதற்கு முன்கூட்டியே போதுமான தடயம் கிடைப்பதில்லை. செத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆட்டத்தில் நான் முன்யோசனையோடு ஆள்கிறேன் என்று தோன்றினாலும் உண்மையில் போன ஜென்மத்து ஞாபகத்தை வைத்து ஆள்கிறேன். பருந்து வளர்ப்பை விட்டு மருத்துவம் படித்தது என் விவேகம் இல்லை, அம்பு எந்த வாரத்தில் வரும் என்று தெரிந்ததால். சூழ்ச்சியை முகர்ந்து பிடிக்கும் சுகத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது நிச்சயம் ஏமாற்றம்தான். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது, பின்னால் போய்த் திருத்தலாம். ஆனால் ஒரு வாரம் பின்னால் போய்ப் பயனில்லை, பத்து வாரம் முன்பே விதைத்திருக்க வேண்டிய பாடமாக அது இருக்கும். பாதி ஆட்டங்களில் நான் சேமித்து வைத்த பழைய ஆட்டத்தைத் திறக்காமல் முதல் வாரத்திலிருந்தே தொடங்கியதற்கு அதுதான் காரணம். நல்லவேளையாக ஏற்கனவே படித்த வசனங்களை வேகமாகத் தாண்டிவிடலாம்.

ஆட்சியைத் தக்கவைப்பது பற்றிய இன்னொரு கேமோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும். 2016இல் வந்த ரெய்ன்ஸ். அதில் மதம், மக்கள், படை, பொன் என்று நான்கு குறிகள் மேலே இருக்கும். ஒவ்வொருவராக வந்து ஏதோ கேட்பார்கள், அட்டையை இடதுபுறமோ வலதுபுறமோ தள்ளினால் அதுவே அரசனின் பதில். நான்கில் எது காலியானாலும் அரசன் காலி. எது நிரம்பி வழிந்தாலும் காலிதான், படை பலத்துப்போனால் தளபதியே அரியணை ஏறிவிடுவான். அட்டையைச் சாய்க்கும்போது எந்தக் குறி மாறும், சிறிதாகவா பெரிதாகவா என்று ஒரு புள்ளி காட்டும், ஏறுமா இறங்குமா என்பதை மட்டும் காட்டாது. அருமையான யோசனை அது. ஆனால் அங்கே ஓர் அரசன் செத்தால் அடுத்த அரசன் வருவான், நமக்கு யார் மேலும் ஒட்டுதல் வராது. பத்து நிமிடம் கையில் எடுத்து வைக்க ரெய்ன்ஸ் நல்லது. எலோடி செத்தால் செத்தது எலோடி. மறுபடி தொடங்கும்போது அதே பெண் அதே பள்ளியிலிருந்து ஒன்றும் தெரியாமல் வந்து நிற்பாள், எல்லாம் தெரிந்த நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

கடைசிப் பகுதியில் ஷாஞ்சியா என்ற நாட்டின் அரசன் டோகாமி கப்பற்படையோடு வருகிறான். அதுவரை நடந்த உள்நாட்டுச் சண்டைகள் எல்லாம் இங்கே வந்து கணக்குத் தீர்க்கும், எந்தப் பிரபுவைப் பகைத்தோம், படைக்கு எவ்வளவு செலவழித்தோம், கடற்போர் என்ற பாடத்தை எத்தனை முறை தள்ளிப்போட்டோம் என்று. நீச்சல் என்று ஒரு பாடம் இருப்பதைப் பார்த்து இளவரசிக்கு இது எதற்கு என்று பல ஆட்டங்களில் தாண்டிப் போயிருந்தேன். கப்பல் மூழ்கும்போது எதற்கு என்று தெரிந்தது. மந்திரம் கற்றவளுக்கு டோகாமியைச் சமாளிக்க ஒரு வழி உண்டு, கற்காதவளுக்கும் வேறு வழிகள் உண்டு. அவற்றை இங்கே எழுத மாட்டேன், நீங்களே கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் நிம்மதி அலாதியானது.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை: முழுக்க முழுக்க வாசிக்கும் விளையாட்டு, குரல் கிடையாது, ஆங்கில வசனங்களை வாசிக்கப் பொறுமை வேண்டும். படங்கள் அசையாது. எலோடியின் முகமும் உடையும் மாறும், ஒரு பிரிவில் போதுமான தேர்ச்சி வந்ததும் அதற்கான உடை கிடைக்கும், அதை உடுத்திக்கொண்டால் அந்தப் பாடங்கள் இன்னும் வேகமாக ஏறும். போர்க்களத்தில் படையை நகர்த்துவது, வரைபடத்தில் எல்லையை விரிப்பது எல்லாம் இதில் இல்லை. பழைய கணினியிலும் ஓடும். ஓர் ஆட்டத்தை ஒரே மாலையில் முடித்துவிடலாம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் நீங்கள் ஒருமுறை விளையாடிப் பாருங்கள். சாவுகளை அழகான குட்டிப் படங்களாகத்தான் காட்டுகிறார்கள், ஆனால் நஞ்சு, வாள், மந்திரம் என்று வகைக்கொன்றாக உண்டு, அவற்றைச் சேகரிக்க ஒரு பட்டியலும் இருக்கிறது. எனக்கு அந்தப் பட்டியல் மட்டும் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணின் சாவுகளை வரிசையாக அடுக்கி, இன்னும் இத்தனை பாக்கி என்று காட்டுவது மற்ற இடங்களில் இருக்கும் அக்கறைக்குப் பொருந்தவில்லை.

நான் முதன்முதலில் மகுடம் சூட்டிய எலோடி பெரிய வீராங்கனை இல்லை. வாள் தெரியாது, குதிரை சுமார். மந்திரம் கொஞ்சம், மருத்துவம் கொஞ்சம், நஞ்சு நன்றாகவே தெரியும். மூன்று பேருக்கு மரண தண்டனை கொடுத்திருந்தாள், மூன்றையும் நான்தான் கொடுத்தேன். முடிசூட்டு விழாவுக்குப் பிறகு ஒவ்வொருவரின் பிற்காலமும் சில வரிகளில் வரும், யாரை மணந்தாள், நாடு அவளை எப்படி நினைத்தது, யார் ஒதுங்கிப் போனார்கள் என்று. மக்கள் அவளுக்குப் பயந்தார்கள் என்பது போல் ஒரு வரி வந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. அந்த மூன்றில் ஒன்றையாவது மன்னித்திருக்கலாமா, மன்னித்திருந்தால் அவள் அந்த விழா நாளைப் பார்த்திருப்பாளா என்று தெரியவில்லை. இப்போது அதைத்தான் விளையாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், 23ஆம் வாரம் நடக்கிறது, இதுவரை யாரையும் கொல்லவில்லை, நீச்சல் வகுப்புக்கும் அனுப்பியாகிவிட்டது.